ஒரு சிட்டிகைச் சோடாவும் நாமக்கட்டியும்

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், வெளியூரிலிருந்து வந்தவன் செய்யக்கூடிய காரியம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பர்லியாறுக்கு மேலே சாலையில் எங்கோ மண் சரிந்திருக்கும். மலை ரயில் மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிட்டிருக்கும். தபாலும் பத்திரிகையும் வந்தால் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வாரத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் அடைபட்டுக் கிடந்த நான், பொழுது போகாத காரணத்தால், அவர் வீட்டுப் பூஜையறையிலிருந்து நாமக்கட்டிகள் சிலவற்றைக் கேட்டு வாங்கி, அம்மியில் பொடித்து, நூறு கிராம் நிறுத்து, அதில் ஐம்பது கிராம் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். அது கேழ்வரகுக் களியைப்போல் இறுகிக்கொண்டு, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் நின்றது. பிறகு துணி துவைக்கும் சோடாவில் ஒரு சிட்டிகை, அதாவது பத்துப் பன்னிரண்டு அரிசிமணிகளின் எடை இருக்கும், அதை அரைக் கரண்டி வெந்நீரில் கரைத்து, களியின்மேல் விட்டுக் கிளறினேன். நாலைந்து சுற்றுக்குள் கையில் கனம் குறைந்தது. இன்னும் சிறிது கிளறியதும், சற்றுமுன் கவிழ்த்தும் விழாதிருந்த அந்தப் பதார்த்தம், மோர்க்குழம்பு வழிவதுபோல் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து வழிந்தது.

அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நண்பரின் தாயார், “என்ன தம்பி, தண்ணி ஊத்தாமலே களி கூழாப் போச்சே!” என்றார். நான் அரைக் கரண்டி ஊற்றியதை அவர் கவனிக்காமல் இல்லை. களியைக் கூழாக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது ஆயுள் முழுவதும் களி கிண்டிய கைக்குத் தெரியும். அரைக் கரண்டி அந்தக் கணக்கில் சேராது. இந்த விஷயத்தை அவரைவிடச் சரியாகக் கேட்டவர்களை ரசாயனப் புத்தகங்களில்கூட நான் கண்டதில்லை. பதில் சொல்வதற்கு முன், இன்னொரு சிட்டிகை எடுத்தேன். இம்முறை படிகாரத் தூள். அதைத் தூவிக் கிளறியதும் கூழ் திரும்பவும் களியாயிற்று. நீரும் அதே நீர், மண்ணும் அதே மண். நடுவே புகுந்த ஒரு சிட்டிகைதான் ஓடுவதையும் நிற்பதையும் தீர்மானித்தது.

நாமக்கட்டி என்பது வெண்களிமண். திருவண்ணாமலை மாவட்டத்து ஜடேரி கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவருகிறார்கள். 2023-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தகைய வெண்களிமண்ணின் துகள் ஒன்றை மிக வலிய நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், மணலைப்போல் உருண்டையாக இராமல், சீட்டுக்கட்டின் சீட்டைப்போல் தட்டையாக, பெரும்பாலும் அறுகோணமாக இருப்பது தெரியும். அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த அளவுள்ள துகள் அசையாத நீரில் பத்து சென்டிமீட்டர் கீழே இறங்குவதற்கு, இருபது டிகிரி உஷ்ணத்தில், ஏறத்தாழ எட்டு மணி நேரம் பிடிக்கும். மார்கழியில் ஊட்டியில், நீர் பத்து டிகிரிக்குக் குளிர்ந்து அதன் பாகுத்தன்மை கூடியிருக்கும்போது, அதே துகளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகும். பாரம் கீழே இழுப்பது அவ்வளவு பலவீனமாக இருக்கிற இடத்தில், வேறு சக்திகள் தலைதூக்குவதில் ஆச்சரியமில்லை.

அந்தச் சக்திகளில் முதன்மையானது மின்னேற்றம். களிமண் தகட்டின் அகன்ற முகங்கள் எப்போதும் எதிர் மின்னேற்றம் பெற்றவை. ஆனால் அதன் மெல்லிய விளிம்புகளோ, நீர் புளிப்பாக இருந்தால் நேர் மின்னேற்றமும், காரமாக இருந்தால் எதிர் மின்னேற்றமும் கொள்ளும் சபலபுத்தி உடையவை. புளிப்பு நீரில் ஒரு தகட்டின் விளிம்பு இன்னொரு தகட்டின் முகத்தைப் போய்ப் பற்றிக்கொள்கிறது. அது மூன்றாவதைப் பற்றுகிறது. இப்படிப் பிள்ளைகள் சீட்டுகளைச் சாய்த்துக் கட்டுகிற வீட்டைப்போல, கிண்ணம் முழுவதும் ஒரே கட்டடம் எழும்பிவிடுகிறது. அதன் அறைகளுக்குள் தண்ணீர் சிறைப்பட்டுக் கிடக்கிறது. ஈரம் நிறைய இருந்தும் களி ஓடாததற்குக் காரணம் இதுதான். சோடா விழுந்ததும் நீர் காரமாகிறது. விளிம்புகளும் எதிர் மின்னேற்றம் கொள்கின்றன. பற்றிக்கொண்டிருந்தவை ஒன்றையொன்று தள்ள ஆரம்பிக்கின்றன. சீட்டு வீடு சரிகிறது. சிறையிலிருந்த தண்ணீர் வெளியே வந்து தகடுகளுக்கிடையே எண்ணெய்போல் ஓடுகிறது. அம்மாள் கேட்ட கேள்விக்கு விடை இதுவே: தண்ணீர் புதிதாக வரவில்லை, உள்ளே கட்டுண்டிருந்தது அவிழ்ந்தது.

படிகாரம் ஏன் திரும்பக் கட்டியது? எதிர் மின்னேற்றம் கொண்ட தகட்டைச் சுற்றி, நீரில் கரைந்துள்ள நேர் அயனிகள் ஒரு மூட்டம்போல் சூழ்ந்திருக்கின்றன. சோடியம் போன்ற ஒற்றை ஏற்ற அயனிகளானால் அந்த மூட்டம் அகன்று பரவி, இரண்டு தகடுகள் நெருங்காதபடி காக்கிறது. கால்சியம் இரட்டை ஏற்றம் உடையது; அது வந்தால் மூட்டம் சுருங்குகிறது. படிகாரத்திலுள்ள அலுமினியமோ மூன்று ஏற்றம் உடையது. அது வந்தால் மூட்டம் தகட்டோடு ஒட்டிப்போய், தகடுகள் நெருங்கி, ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. 1882-இல் ஷுல்ஸ் என்பவரும் 1900-இல் ஹார்டி என்பவரும் பரிசோதித்துக் கண்ட விதி இது: ஏற்றம் ஒன்று கூடினால், திரளச்செய்யும் வல்லமை ஒரு மடங்கு இரண்டு மடங்காக அல்ல, பத்து மடங்கு நூறு மடங்காகக் கூடுகிறது. ஒரு கைப்பிடி உப்பு செய்வதை ஒரு சிட்டிகைப் படிகாரம் செய்வது அதனால்தான்.

நம் நாட்டுப் பெண்கள் இந்த விதிக்காகக் காத்திருக்கவில்லை. கலங்கல் நீர் பிடித்த பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டால் காலைக்குள் நீர் தெளிந்துவிடும் என்பது எவ்வளவு பழைய அறிவு என்று சொல்லத் தேவையில்லை; அந்த மரத்துக்குப் பெயரே அந்தத் தொழிலால் வந்தது. அந்தக் கொட்டையின் சத்து நீளமான இழைகளாக நீரில் கரைந்து, துகளுக்குத் துகள் பாலம் கட்டித் திரட்டுகிறது. படிகாரத்தின் வழி வேறு, முடிவு ஒன்றே. குந்தாப் பள்ளத்தாக்கின் செம்மண்ணையெல்லாம் மழைக்காலத்தில் வாரிக்கொண்டு பவானியின் பில்லூர் அணையில் வந்து சேரும் நீர், கோயம்புத்தூர்க்காரர்கள் குடிக்கத் தகுந்ததாக மாறுவதும் இந்தத் திரட்டும் வித்தையினால்தான்.

இனி, கட்டுவதை விட்டு, இளக்குவதற்கு வருவோம். இங்கே நீலகிரிக்குப் பிரத்தியேகமான ஒரு சம்பந்தம் உண்டு. சிலிகன் கார்பைடு என்னும் சாணைப் பொருளைக் கண்டுபிடித்துப் பெயர் பெற்ற அமெரிக்கர் எட்வர்ட் அச்சிசன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூசைகள் செய்வதற்காகக் களிமண்ணை ஆராய்ந்துகொண்டிருந்தார். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளுக்கு வைக்கோல் கொடுக்காமல் நிறுத்திய விவிலியக் கதை அவர் நினைவுக்கு வந்தது. வைக்கோல் நாராக நின்று மண்ணைப் பிடிக்கிறது என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அச்சிசனோ, வைக்கோலை நீரில் ஊறவைத்து, அந்த நீரை மட்டும் வடித்து மண்ணில் கலந்து பார்த்தார். மண் இளகியது, காய்ந்தபின் முன்னைவிட உறுதியாகவும் இருந்தது. வைக்கோல் நீரில் இறங்கும் துவர்ப்புச் சத்தே, அதாவது டானினே, இதைச் செய்கிறது என்று முடிவுகட்டி, அவ்வாறு பதப்படுத்திய மண்ணுக்கு எகிப்தின் பெயரையே சூட்டினார். நம் ஊர்களில் மண்சுவர் வைப்பவர்கள் வைக்கோலும் சாணமும் சேர்த்து மிதித்து, ‘மண் புளிக்கட்டும்’ என்று நாள் கணக்கில் போட்டுவைப்பதன் ரகசியத்தில் ஒரு பாதியாவது இதுவாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

துவர்ப்பு என்றால் நீலகிரியில் பஞ்சமா? தேயிலையின் சுவையே துவர்ப்பில்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட மரங்களில் ஒன்றை இங்கே கற்பூர மரம் என்கிறார்கள். மற்றொன்று சீகை மரம். இந்தச் சீகையின் பட்டை முழுவதும் டானின். தோல் பதனிடும் தொழிலுக்காகவே அது பெரிய அளவில் வளர்க்கப்பட்டது. துவர்ப்பு மூலக்கூறு தோலின் புரதத்தை எப்படிப் பற்றிக்கொள்கிறதோ, அப்படியே களிமண் தகட்டின் விளிம்பையும் பற்றிக்கொள்கிறது; பற்றியபின், நேர் மின்னேற்றம் இருந்த இடத்தை எதிர் மின்னேற்றத்தால் மூடிவிடுகிறது. நண்பர் வீட்டில் இரண்டாவது கிண்ணக் களிக்குச் சோடாவோடு நாலு சொட்டுக் கடுந்தேயிலை டிக்காஷனும் சேர்த்தேன். அது முதற் கிண்ணத்துக்குச் சற்றும் குறைவின்றி இளகிற்று. நிறம் மட்டும் அழுக்காகப் போயிற்று. மண்ணிலுள்ள இரும்போடு துவர்ப்பு சேர்ந்தால் மை பிறக்கும் என்பது பழைய எழுத்தர்கள் அறிந்த சங்கதி.

இதே டானின் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கும் நெடுங்காலம் கைகொடுத்தது. துளையிடும் கருவியோடு கூடவே ஒரு சேற்றைக் கிணற்றுக்குள் செலுத்தி, வெட்டிய கல்தூளை அந்தச் சேற்றோடு மேலே கொண்டுவருவார்கள். அது கட்ச் பகுதியில் வெட்டப்படும் பெண்டோனைட் போன்ற, நீரை உறிஞ்சிப் பருக்கும் களிமண்ணால் ஆனது. நூறு பங்கு நீரில் ஐந்தாறு பங்கு போட்டாலே தயிர்போல் உறைந்து நிற்கும். இந்தச் சேற்றிடம் எதிர்பார்க்கப்படும் குணம் விசித்திரமானது: குழாயில் ஓடும்போது நீராக இளகவேண்டும், இயந்திரம் நின்றால் உடனே உறைந்து, கல்தூள் கீழே விழாதபடி ஏந்திக்கொள்ளவேண்டும். ஒரு குறிப்பிட்ட அளவு விசை தள்ளும் வரை அசையாதிருந்து, அதற்குமேல் திடீரென ஓடும் இந்தச் சுபாவத்தை 1916-இல் பிங்ஹாம் என்ற அமெரிக்கர், களிமண் கரைசலை நுண்குழாயில் ஓடவிட்டு அளந்து, முதன்முதலாகக் கணக்கில் எழுதினார்; ஓட்டத்தைப் பற்றிய சாஸ்திரத்துக்குத் தனிப் பெயர் வந்ததும் அவரால்தான். சேறு அளவுக்குமேல் உறைந்தால் பம்பு திணறும். அப்போது சீகைப் பட்டைச் சாறு போன்ற துவர்ப்புச் சரக்கையோ, பழுப்பு நிலக்கரிப் பொடியையோ காரத்தோடு சேர்த்து இளக்குவார்கள்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் இதே வித்தை அன்றாட வேலை. சுண்ணச்சாந்து அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றிப் பொம்மையும் கோப்பையும் வார்ப்பவர்களுக்கு, ஓடவும் வேண்டும், நீரும் குறைவாக இருக்கவேண்டும்; நீர் மிகுந்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும். சோடியம் சிலிகேட்டும் சோடாவும் உலர்ந்த மண்ணின் எடையில் நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவாகச் சேர்த்தால், நூறு பங்கு மண்ணுக்கு நாற்பது பங்கு நீரே போதுமானதாகிவிடுகிறது. ஆனால் பேராசை கூடாது. ஓர் எல்லையைத் தாண்டிச் சோடா சேர்த்தால் கரைசல் மறுபடி தடிக்கும். ஏனெனில் சோடாவும் ஓர் உப்புதான். மிகுந்தால் அதுவே மூட்டத்தைச் சுருக்கிவிடும்.

நாமக்கட்டியை விட்டு, ஜன்னலுக்கு வெளியே இருந்த செம்மண்ணுக்கு வந்தபோது எனக்கு ஒரு சிறு அவமானம் நேர்ந்தது. தேயிலைச் செடிக்கடியில் எடுத்த மண்ணைக் குழைத்துச் சோடாவை இட்டேன். நாமக்கட்டி போல் அது கேட்கவில்லை. காரணம் அந்த மண்ணின் பிறப்பிலேயே இருக்கிறது. சார்னோக்கைட் என்னும் கரும்பாறை, லட்சக்கணக்கான ஆண்டு மழையில் உளுத்து, கரையக்கூடியதெல்லாம் கரைந்து போக, எஞ்சிய வெண்களிமண்ணும் இரும்பு, அலுமினியத் துருவுமே இந்த மண். துரு நேர் மின்னேற்றம் உடையதாகையால், களிமண் தகடுகளைச் சிறுசிறு மணிகளாகச் சிமெண்டிட்டு ஒட்டிவைத்திருக்கிறது. உள்ளங்கையில் வைத்து மெல்லத் தேய்த்தால் மணல்போல் நறநறக்கும்; நீர் விட்டு விடாமல் கசக்கினால் சில நிமிஷத்தில் வழவழப்பான களிமண்ணாகும். ஊட்டியில் மண் பரிசோதனை செய்கிறவர்கள் இந்தப் போலி மணலைக் கலைப்பதற்குக் கால்கன் என்னும் பாஸ்பேட் உப்பில் மண்ணை ஊறவைத்து, இயந்திரத்தில் கடைந்துதான் களிமண் எத்தனை பங்கு என்று அளக்கிறார்கள்.

தேயிலை புளிப்பு மண்ணையே விரும்பும் செடி. அமிலகார எண் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையே இருப்பதே அதற்கு உகந்தது. அந்தப் புளிப்பில் அலுமினியம் கரைந்து மூவேற்ற அயனியாக உலவுவதால், தோட்டத்து மண்ணுக்குள் படிகாரம் இயற்கையாகவே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லலாம். புளிப்பு அளவுக்கு மீறும்போது கவாத்துக் காலத்தை ஒட்டித் தோட்டங்களில் டோலமைட் தூவுகிறார்கள். அது அலுமினியத்தின் கொட்டத்தை அடக்கினாலும், அதற்குப் பதிலாகக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும், அதாவது இரட்டை ஏற்றக் காவலர்களை, உட்காரவைத்துவிட்டுப் போகிறது. ஆகவே மண் கலைந்து ஓடுவதில்லை. சோடியம் நிறைந்த நீர் பாய்ந்தால் மட்டும் காவல் குலையும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நீலகிரியின் மண்சரிவுகளுக்கும் இந்த ரசாயனமே காரணமென்று வாசகர் எண்ணிவிடக்கூடாது. அவலாஞ்சிக்கு அந்தப் பெயரே ஒரு பழைய சரிவால் வந்தது. 1978, 1979 நவம்பர்களில் மலை முழுவதும் சரிவுகள். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சாலையையும் ரயில் பாதையையும் வாரிக்கொண்டு போன சரிவு. 2009 நவம்பரில் நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மழை. மண்ணுக்குள் உப்பு குறைவதாலேயே மலை ஓடிய கதை வேறு தேசத்தது. நார்வேயில் ரிஸ்ஸா என்னுமிடத்தில் 1978 ஏப்ரல் 29-ஆம் தேதி, ஒரு விவசாயி தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் குவித்ததே காரணமாக, முப்பது ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் வீடுகளோடு திரவமாகி ஏரிக்குள் ஓடிற்று. அது ஒருகாலத்தில் கடலுக்கடியில் உப்பு நீரில் படிந்த களிமண். நிலம் மேலெழுந்தபின் மழை நீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உப்பைக் கழுவிவிட்டதால், தொட்டால் சரியும் சீட்டு வீடாக நின்றிருந்தது. அந்தக் கூழில் ஒரு கை உப்பைப் போட்டுக் கிளறினால் மீண்டும் கட்டியாகிறது.

நம் மலை அப்படியல்ல. இங்கே பல மீட்டர் ஆழத்துக்கு உளுத்த மண், கீழே பாறை. மழை நீர் இறங்கி, வெளியேற வழியின்றித் தேங்கும்போது, அதன் அழுத்தம் மண் மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று தூக்கிவிடுகிறது. உராய்வு போன மண் தன் பாரத்தாலேயே சறுக்குகிறது. சறுக்கத் தொடங்கிய பிறகே, கசக்கப்பட்டு, போலி மணல் உடைந்து, கட்டுண்ட நீர் அவிழ்ந்து, நான் கிண்ணத்தில் கண்டது சாலையில் நடக்கிறது. ஆதலால் மருந்து சிட்டிகையில் இல்லை, வடிகாலில் இருக்கிறது. சரிவை வெட்டி வீடு கட்டுகிறவர்கள் பழைய ஓடையை மூடாமல் இருப்பது, மலையில் கொட்டக்கூடிய எந்த ரசாயனத்தையும்விட மேலானது.

வாசகர்கள் இந்தப் பரிசோதனையைத் தாராளமாக வீட்டில் செய்து பார்க்கலாம். நாமக்கட்டி எந்தப் பூஜைக் கடையிலும் கிடைக்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: முடிந்ததும் சோடா கலந்த கிண்ணத்தைத் தேயிலைச் செடியின் தூரிலோ, வீட்டுத் தொட்டியிலோ கொட்டிவிடாதீர்கள், அந்தச் சோடியம் மண்ணின் மணிகளைக் கலைத்து, மேற்பரப்பில் ஏடு கட்டி, அடுத்த மழையின் நீரை உள்ளே இறங்கவிடாது. படிகாரக் கிண்ணத்திலுள்ளதோடு அதைக் கலந்து, நிறையத் தண்ணீர் விட்டு ஒரு நாள் வைத்திருங்கள். மண் அடியில் படிந்துவிடும். மேல்நீரைச் சாக்கடையில் விட்டு, மண்ணைக் காயவைத்துக் குப்பையில் போட்டுவிடலாம்.